எழுதாமல் விட்ட பிளாக்குகள்

2016 ஜூன் 20, திங்கட்கிழமை. காலை எட்டு மணி தாண்டிவிட்டது. சட்டை போட்டாயிற்று. ஒரு காலில் சாக்ஸ், இன்னொரு சாக்ஸ் கையில். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது என்று பிறகு வீட்டில் சொன்னார்கள், நான் கவனிக்கவில்லை. டி.வி.யில் ஓக்லாண்ட் நகரத்து ஓரக்கிள் அரீனா. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித்தொடர், ஏழாவது ஆட்டம். ஸ்கோர் 89-89.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் வென்று 9 மட்டுமே தோற்ற அணி. அதற்கு முன் எந்த அணியும் அப்படி ஆடியதில்லை. ஏழில் நாலு ஆட்டம் வென்றால் கோப்பை என்ற இந்தத் தொடரிலும் 3-1 என்று முன்னால் இருந்தார்கள். இறுதித்தொடரில் 3-1 பின்தங்கிய அணி மீண்டு வந்து கோப்பையைத் தொட்டதாகச் சரித்திரமே கிடையாது. க்ளீவ்லாண்ட் கவலியர்ஸ் ஐந்தாவதையும் ஆறாவதையும் வென்று ஏழாவதுக்கு இழுத்து வந்திருந்தார்கள். நாலரை நிமிடம் மீதமிருந்தபோது வாரியர்ஸின் கிளே தாம்சன் போட்ட கூடையில் சமநிலை ஆனது. அதற்கப்புறம் யார் எறிந்தாலும் பந்து உள்ளே போக மறுத்தது.

இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது க்ளீவ்லாண்டின் கைரி இர்விங் எறிந்தது தவறியது. கூடையில் விழாமல் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, வாரியர்ஸின் ஆண்ட்ரே இக்வாடாலா பிடித்து ஓட ஆரம்பித்தார். நடுவில் ஸ்டெஃப் கரிக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடும் லே-அப்புக்கு எழும்பினார். எதிரில் ஜே.ஆர். ஸ்மித் ஒருவர்தான். அவர் கை நீட்டியதில் இக்வாடாலா காற்றிலேயே பந்தை ஒரு கணம் இழுத்துப் பிடித்துப் பிறகு விட்டார். அந்த ஒரு கணத்தில், திரைக்கு வெளியே எங்கிருந்தோ பின்னால் ஓடி வந்த க்ளீவ்லாண்டின் லெப்ரான் ஜேம்ஸ் எழும்பிப் பந்தைப் போர்டோடு சேர்த்து அறைந்தார். எறிந்த பந்தைக் கூடைக்குப் போகவிடாமல் தட்டும் இதற்குப் பெயர்தான் பிளாக்.

கொஞ்ச நேரத்தில், 53 விநாடி மீதமிருக்க, கரியின் தலைக்கு மேலாக இர்விங் ஒரு மூன்று புள்ளி போட்டார். முடிவில் 93-89. க்ளீவ்லாண்ட் நகரத்துக்கு 1964க்குப் பிறகு எந்த விளையாட்டிலும் பெரிய கோப்பை வந்ததில்லை, 52 வருடம் காத்திருந்தவர்கள். லெப்ரான் கோர்ட்டில் முகம் குப்புற விழுந்து அழுதார். நான் இரண்டாவது சாக்ஸை மாட்டினேன்.

பஸ் ஏறுவதற்குள் போன். அண்ணன்.

உடன்பிறந்த அண்ணன் இல்லை. எங்கள் ஊர் கோர்ட்டில் எனக்கு ஒன்பது வருடம் சீனியர். எனக்குப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிப்ளிங் சொல்லிக்கொடுத்தவர், இப்போது மதுரையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். கேபிள் டி.வி. வந்த புதிதில் மைக்கேல் ஜோர்டனைப் பார்த்துவிட்டு அன்றோடு கட்சி சேர்ந்தவர். அதற்கப்புறம் வேறு யாரையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன், பாத்தேன். நல்ல பிளாக்கு. இப்ப எத்தனை கோப்பை ஆச்சு, மூணா?"

"மூணு."

"அங்க ஆறுடா."

போனை வைத்துவிட்டார்.

அந்தத் தொடரில் லெப்ரான் செய்ததை அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருந்தேன். புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் என்று ஐந்து கணக்கிலும் இரண்டு அணியிலும் சேர்த்து அவர்தான் முதல். பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் எந்த ப்ளேஆஃப் தொடரிலும் ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. கடைசி ஆட்டத்தில் 27 புள்ளி, 11 ரீபவுண்டு, 11 அசிஸ்ட். அதற்கு முந்தைய இரண்டிலும் மிரட்டும் 41, 41. எல்லாவற்றுக்கும் சேர்த்து அண்ணனிடமிருந்து ஒரே பதில் வந்தது. ஆறு விரல் காட்டும் படம்.

இந்த வாக்குவாதம் எங்களுக்குள் இன்றுவரை தீரவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் யாராவது ஒருவர் கோப்பையைத் தூக்குவார், அன்று மாலை போன் வரும். ஆனால் 2016க்குப் பிறகு நான் வாதாடுகிற பக்கம் மாறிவிட்டது. அதற்குக் காரணம் லெப்ரான் இல்லை. அந்த பிளாக்.

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் என் சொந்தக் கதை கொஞ்சம் வரும்.

நான் ஆடியதைவிட எழுதியதுதான் அதிகம். பன்னிரண்டு பேர் அணியில் பன்னிரண்டாவது ஆள், கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். அதனால் பக்கத்து ஊர்களோடு நடக்கும் போட்டிகளில் என்னை ஸ்கோரர் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்கோர் ஷீட் எழுதியவர்களுக்குத் தெரியும், அதில் இடம் இருப்பது கொஞ்ச விஷயங்களுக்குத்தான். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக எண்கள் இருக்கும். கூடை விழுந்தால் எண்ணின் மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோ என்றால் கறுப்புப் புள்ளி, மூன்று புள்ளி என்றால் ஆட்டக்காரர் நம்பரைச் சுற்றி ஒரு வட்டம். பெயருக்குப் பக்கத்தில் ஐந்து ஃபவுல் கட்டம். டைம் அவுட். அவ்வளவுதான். ரீபவுண்டுக்கு இடம் கிடையாது, பிளாக்குக்கு இடம் கிடையாது.

எங்கள் அணியில் ஒருவனைக் கொக்கு என்று கூப்பிடுவோம். எறியத் தெரியாது. ஃப்ரீ த்ரோ போட்டால் பந்து ரிங்கைத் தொடாமல் கீழே வரும். ஆனால் அவன் கூடைக்கடியில் நின்றால் எதிரணிக்காரர்கள் உள்ளே வரவே யோசிப்பார்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை பந்தைத் தட்டிவிடுவான் என்று கணக்கே கிடையாது. தட்டாத பந்துகள் அதைவிட அதிகம். இவன் நிற்கிறானே என்று பயந்து அவர்கள் எறியாமல் விட்டவை. ஆட்டம் முடிந்து ஷீட்டைப் பார்த்தால் கொக்கின் பெயருக்கு நேராகப் புள்ளி ஒன்றுமிருக்காது, ஃபவுல் கட்டம் ஐந்தும் நிரம்பியிருக்கும். நாலு வருடம் எங்களைக் காப்பாற்றியவன் ஆடினான் என்பதற்குக் காகிதத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அவன் செய்த தப்புகள்.

பொறுக்காமல் ஒரு நோட்டின் பின்பக்கத்தில் நானே அவனுடைய பிளாக்குகளை எண்ண ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் எண்ணிக்கை சந்தேகப்படும்படி ஏறிவிட்டது. விரல் நுனி பட்டதா இல்லையா என்று தெரியாத பந்துக்கெல்லாம் கோடு போட்டிருந்தேன். ஆட்டம் முடிந்து கொக்கு பரோட்டா வாங்கித் தருவான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்.பி.ஏ. எப்போதிலிருந்து பிளாக்கை எண்ண ஆரம்பித்தது தெரியுமா? 1973-74 பருவத்திலிருந்து. ஸ்டீலும் அப்போதிருந்துதான். லீக் தொடங்கியது 1946இல். இடையில் இருபத்தேழு வருடம் ஆட்டக்காரர்கள் பந்தைத் தட்டினார்கள், பறித்தார்கள், யாரும் எழுதவில்லை.

எண்ண ஆரம்பித்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் பருவத்தின் முதல் மாதத்திலேயே, 1973 அக்டோபர் 28 அன்று, லேக்கர்ஸ் அணியின் எல்மோர் ஸ்மித் ஒரே ஆட்டத்தில் 17 பிளாக் செய்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. அடுத்த வருடம் நேட் தர்மண்ட் 22 புள்ளி, 14 ரீபவுண்டு, 13 அசிஸ்ட், 12 பிளாக் என்று ஒரு ஆட்டம் ஆடி, நான்கு கணக்கிலும் இரட்டை இலக்கம் தொட்ட முதல் ஆள் ஆனார். முதல் ஆள்! எண்ணத் தொடங்கிய இரண்டாவது பருவத்திலேயே முதல் ஆள் கிடைத்துவிட்டாராம். அதற்கு முன்னால், அறுபதுகளின் ஜாம்பவான்களான பில் ரஸ்ஸலும் வில்ட் சேம்பர்லினும் பதின்மூன்று பதினாலு வருடம் கூடைக்கடியில் கையைக் கட்டிக்கொண்டா நின்றிருப்பார்கள்?

எழுதியவர் ஒருவர் இருந்தார். ஃபிலடெல்ஃபியாவின் ஹார்வி பாலக். லீக்கின் முதல் பருவத்திலிருந்தே புள்ளிவிவரம் எழுதியவர். சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற சின்ன ஊரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி போட்டாரே, அன்று இரவு புள்ளிவிவரமும் எழுதி, பத்திரிகைகளுக்குச் செய்தியும் அனுப்பியவர் இவர்தான். சேம்பர்லின் கையில் "100" என்று எழுதிய ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காகிதத்தில் எழுதியது பாலக்கின் கை. லீக் கண்டுகொள்ளாத காலத்தில் பிளாக்கைத் தன்பாட்டுக்கு எண்ணிப் பார்த்தவரும் அவரே. எனக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு. நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டவர்கள் சங்கத்துக்கு அவர் தலைவர். அந்த 100 புள்ளி ஆட்டத்துக்கும் வீடியோ கிடையாது. கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனை உண்டு, இந்தக் காகிதம் உண்டு.

இப்போது ரஸ்ஸலுக்கு வருகிறேன்.

1957 ஏப்ரல் 13. பாஸ்டன் கார்டன். செல்டிக்ஸ் அணிக்கும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணிக்கும் இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டம். ரஸ்ஸலுக்கு அது முதல் பருவம். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டு டிசம்பரில்தான் அணியிலேயே சேர்ந்திருந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, பாஸ்டன் 103-102 என்று ஒரே புள்ளி முன்னிலை. ஹாக்ஸ் அணியின் ஜாக் கோல்மனுக்கு நடுக்கோட்டருகே பந்து கிடைக்கிறது, முன்னால் யாரும் இல்லை. ரஸ்ஸல் நிற்பதோ கோர்ட்டின் மறுகோடியில். அங்கிருந்து மொத்த நீளத்தையும் ஓடி வந்து, கோல்மன் எறிந்த பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் இரண்டு ஓவர்டைம் போய் 125-123 என்று பாஸ்டன் வென்றது. ரஸ்ஸலின் பதினொரு கோப்பைகளில் முதலாவது.

ஏழாவது ஆட்டம், கடைசி நிமிடங்கள், தனியாகக் கூடையை நோக்கிப் போகும் எதிரணிக்காரர், பின்னாலிருந்து துரத்தி வரும் ஒருவர். இதைப் படித்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. லெப்ரான் செய்ததை ஐம்பத்தொன்பது வருடம் முன்னாலேயே ஒரு இருபத்து மூன்று வயதுக்காரர் செய்திருக்கிறார். லெப்ரானுடையதை நான் நாலு கோணத்தில், மெதுவாக ஓட்டி, நிறுத்தி, கண்ணை மூடினாலும் தெரியும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். ரஸ்ஸலுடையதோ உடன் ஆடியவர்கள் வாயால் சொல்லிச் சொல்லியே பிழைத்து வந்திருக்கிறது. அன்றைய ஸ்கோர் தாளில் அவருக்கு 19 புள்ளி, 32 ரீபவுண்டு. பிளாக்குக்குக் கட்டமே இல்லை. தட்டிய கை ஒரு இம்மி தவறியிருந்தால் ஃபவுல் என்று எழுதியிருப்பார்கள். கொக்கு ஞாபகம் வந்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பந்தை கேலரிக்கு அறைவது பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பந்து எதிரணிக்கே திரும்பிவிடும். ரஸ்ஸல் அப்படிச் செய்வதைத் தவிர்த்தார். பந்தை மெல்லத் தட்டிக் கோர்ட்டுக்குள்ளேயே வைத்துத் தன் ஆட்களிடம் சேர்த்துவிடுவார், அடுத்த நொடி செல்டிக்ஸ் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய கணக்கில் இரண்டும் ஒரே "ஒன்று"தான். எண்ணியிருந்தாலும் முழுசாகப் பிடிபட்டிருக்காது.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். கோப்பையை எண்ணித்தானே பெரியவர் யார் என்று முடிவு செய்கிறீர்கள், அப்படியானால் பதினொன்று அல்லவா ஆறைவிடப் பெரியது?

"அது எட்டு டீம் இருந்த காலம்டா. ரெண்டு சீரிஸ் ஜெயிச்சா கோப்பை."

நியாயம்தான். ரஸ்ஸல் வந்தபோது லீக்கில் எட்டு அணிதான், அவர் ஓய்வு பெற்றபோது பதினான்கு. ஜோர்டனும் லெப்ரானும் கோப்பைக்காக நாலு சுற்று தாண்ட வேண்டியிருந்தது. ஆனால் எட்டு அணி என்றால் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் நூறு பேருக்கும் குறைவாகத்தான் இடம். அதிலும் கறுப்பினத்தவர்களை ஒரு அணியில் இத்தனை பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதப்படாத ஒரு வரம்பு இருந்தது. சேம்பர்லினை வருடத்துக்குப் பத்துத் தடவை எதிர்கொள்ள வேண்டும். ஏழாவது ஆட்டம் என்று வந்துவிட்டால் ரஸ்ஸல் தோற்றதே இல்லை. பத்து ஆட்டம், பத்திலும் வெற்றி. கடைசி இரண்டு கோப்பையும் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து வாங்கியவை. அண்ணன் இதற்கெல்லாம் "ம்" என்றார். கோப்பைக் கணக்கு அவருக்கு வசதியான வருடத்தில் தொடங்குகிறது என்று சொன்னேன். அதற்கும் "ம்".

அடுத்து அவர் எடுத்த ஆயுதம் இன்னும் கூர்மையானது. ஜோர்டனுக்கு இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஆறு. ஆறு தடவை போனார், ஆறு தடவையும் அவரே. ரஸ்ஸலுக்கு எத்தனை?

ஒன்றுமில்லை. அந்த விருதையே 1969இல்தான் ஆரம்பித்தார்கள். அந்த வருடம்தான் ரஸ்ஸலின் கடைசி வருடம். லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஏழாவது ஆட்டத்தை 108-106 என்று பாஸ்டன் வென்றது, ரஸ்ஸலுக்கு அது பதினொன்றாவது கோப்பை. விருதைத் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். அன்று 42 புள்ளி, 13 ரீபவுண்டு, 12 அசிஸ்ட் எடுத்தவருக்குக் கொடுத்ததில் தப்பு சொல்ல முடியாது. தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பரிசாகத் தந்த கார் பச்சை நிறமாம், செல்டிக்ஸின் நிறம். பாவம் மனிதர். 2009இல் அந்த விருதுக்கே பில் ரஸ்ஸல் பெயரை வைத்தார்கள். ஆக, ரஸ்ஸல் ஒருபோதும் வாங்காத கோப்பையின் பெயர் ரஸ்ஸல். 2016இல் லெப்ரான் தூக்கியதும் அதைத்தான்.

ஜோர்டனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1998இல் யூட்டாவில் நடந்த ஆறாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை நான் மறந்தவனில்லை. ஒரு லே-அப், பின்னாலிருந்து வந்து கார்ல் மலோன் கையிலிருந்த பந்தைப் பறித்தது, பிறகு 5.2 விநாடி மீதம் வைத்து அந்த எறிதல். 45 புள்ளி, 87-86. எறிந்த பிறகு கையை அப்படியே நிறுத்தி வைத்திருந்தது. அதைப் பார்த்த பையன்கள் எங்கள் ஊர் கோர்ட்டில் ஒரு வருடம் எறிந்துவிட்டுக் கையைக் கீழே இறக்கவில்லை, ரீபவுண்டுக்கும் போகவில்லை. எறிதலை விடுங்கள், அந்த ஸ்டீல்தான் எனக்குப் பெரிது. அதை எழுத அன்று ஒரு கட்டம் இருந்தது.

1987-88இல் ஜோர்டன் ஒரே பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர், சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் மூன்றும் ஆனார். 259 ஸ்டீல், 131 பிளாக். ஒரு பருவத்தில் இருநூறு ஸ்டீலும் நூறு பிளாக்கும் எடுத்த முதல் ஆள் அவர்தான், அதை முந்தின வருடமே செய்திருந்தார். சமீபத்தில் அந்தக் கணக்கை யாரோ கிண்டிப் பார்த்தபோது, சொந்த மைதானத்தில் எழுதப்பட்ட ஸ்டீல்கள் வெளியூரில் எழுதப்பட்டவற்றைவிட மிக மிக அதிகம் என்று தெரிய வந்தது. இணையத்தில் பெரிய ரகளை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிகாகோ ஸ்கோரருக்கு ஜோர்டன் பரோட்டா வாங்கித் தந்திருக்க மாட்டார், ஆனால் அந்தக் கையின் அரிப்பு எனக்குத் தெரியும். அதற்காக ஜோர்டன் சாதாரணத் தடுப்பாட்டக்காரர் ஆகிவிடுவாரா? கொக்கின் பிளாக்கில் பாதியை நான் இட்டுக்கட்டியிருந்தாலும் மீதிப் பாதி உண்மை.

அண்ணனின் இன்னொரு வாதம்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரவழைப்பது. "ஜோர்டன் ஃபைனல்ல தோத்ததே இல்ல. உன் ஆளு ஆறு தடவை தோத்தாரு."

லெப்ரான் பத்து இறுதித்தொடர் ஆடி நாலு வென்றார், ஆறு தோற்றார். 2011இல் டல்லாஸிடம் தோற்றதற்கு மன்னிப்பே கிடையாது, அந்தத் தொடரில் அவர் ஆடியதை நானும் பாதுகாக்க மாட்டேன். ஆனால் 2007? இருபத்திரண்டு வயது. டெட்ராய்ட்டில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் அணியின் கடைசி 25 புள்ளிகளையும் தானே எடுத்து, மொத்தம் 48 எடுத்து, இரண்டு ஓவர்டைமில் 109-107 என்று வென்று, அந்தத் தொடரையும் முடித்து, ஒரு சுமாரான அணியை இறுதிக்கு இழுத்துப் போனார். அங்கே சான் ஆன்டோனியோ நாலுக்கு நாலு அடித்து அனுப்பியது. டெட்ராய்ட்டிலேயே தோற்றிருந்தால் அவர் கணக்கில் இறுதித் தோல்வி ஒன்று குறைந்திருக்கும். இறுதிக்குப் போனதே குற்றமா?

ஜோர்டன் முதல் மூன்று வருடமும் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அதில் 1986இல் பாஸ்டனுக்கு எதிராக 63 புள்ளி எடுத்தும் தோற்ற ஆட்டம் ஒன்று. ப்ளேஆஃபில் ஒருவர் எடுத்த அதிகபட்சம் இன்றும் அதுதான். அதற்கப்புறம் மூன்று வருடம் டெட்ராய்ட் வழியை மறித்தது. அந்தத் தோல்விகளெல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? தேடினால் கிடைக்கும். ஆனால் "6-0" என்று எழுதும்போது அவை உள்ளே வராது. ஜெர்ரி வெஸ்ட் ஒன்பது இறுதித்தொடர் ஆடி ஒன்றுதான் வென்றார். இந்தக் கணக்குப்படி அவர் ஆடாமலே வீட்டில் இருந்திருக்கலாம்.

காலம் மாறினால் ஆட்டமே மாறுகிறது என்ற விஷயத்தை நீட்ட விரும்பவில்லை, எல்லாரும் சொல்வதுதான். மூன்று புள்ளிக் கோடு 1979இல் வந்தது. சேம்பர்லின் போன்றவர்களைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்த 1964இல் கூடைக்கடி எல்லையை 12 அடியிலிருந்து 16 அடியாக்கினார்கள். 2001 வரை, ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்புக்குத் தடை இருந்தது. 2004இலிருந்து பந்து வைத்திருப்பவர் மேல் கை வைத்துத் தள்ளுவதைக் கறாராகத் தடுத்தார்கள். 72 ஆட்டம் வென்ற 1995-96 சிகாகோ அணியும் 73 வென்ற வாரியர்ஸும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருடைய விதிப் புத்தகத்தில்? சிகாகோ ஆடிய வருடம் மூன்று புள்ளிக் கோட்டையே 22 அடிக்கு அருகில் இழுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டில் கரியை நிற்க வைத்தால் என்ன ஆகும்! இரண்டு அணிக்குள்ளும் இருந்தவர் ஸ்டீவ் கெர். ஒன்றில் ஆட்டக்காரர், மற்றதில் பயிற்சியாளர். அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அணி மாறியதற்காக லெப்ரானைத் திட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரஸ்ஸல் பதின்மூன்று வருடமும் ஒரே அணியில் இருந்தார் என்றால், அந்தக் காலத்தில் ஆட்டக்காரர் நினைத்தாலும் நகர முடியாது, அணிக்குத்தான் அவர் சொந்தம். 1970இல் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்த பிறகுதான் அந்தக் கதவு மெல்லத் திறக்க ஆரம்பித்தது. கட்டிப்போட்டவரின் விசுவாசத்தையும் அவிழ்த்துவிட்டவரின் விசுவாசத்தையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

அப்படியென்றால் யார்தான் பெரியவர் என்கிறாய் என்று அண்ணன் ஒரு நாள் நேராகவே கேட்டார். ரஸ்ஸல் என்றேன். ஏன் என்றார். கூடைக்கடியில் அவர் நின்றதால் எதிரணி எறியாமல் விட்ட பந்துகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, அதுதான் காரணம் என்றேன். இது ஒரு பதிலா என்று சிரித்தார். பதில் இல்லைதான். என்னிடம் பேப்பர் இல்லை. பதினொரு கோப்பை இருக்கிறது, அதையும் எட்டு டீம் என்று ஒதுக்கியாயிற்று. ஜோர்டனுக்கும் லெப்ரானுக்கும் ஆதாரம் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. ரஸ்ஸலுக்கு நான் கொடுப்பது ஒரு ஸ்கோரரின் சந்தேகத்தின் பலன்.

ரஸ்ஸலுக்கே தன்னை எங்கே எழுதுகிறார்கள் என்பதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஓட்டல்காரர்கள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு தர மறுத்தபோது, அவரும் சக கறுப்பினத்தவர்களும் அன்றைய காட்சி ஆட்டத்தை ஆடாமலேயே ஊர் திரும்பினார்கள். 1975இல் கூடைப்பந்தின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன்னால் சேர்த்திருக்க வேண்டிய கறுப்பின முன்னோடிகள் இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். என்.பி.ஏ. அணிகள் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினத்தவரான சக் கூப்பரை 2019இல் சேர்த்த பிறகுதான் தனக்கான மோதிரத்தை வாங்கிக்கொண்டார். நாற்பத்து நாலு வருடம் கழித்து.

2022 ஜூலை 31 அன்று ரஸ்ஸல் இறந்தார். அவருடைய 6ஆம் எண்ணை லீக் முழுவதும் இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தார்கள், ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம். அப்போது 6 போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லேக்கர்ஸில் ஆடிய லெப்ரான். சின்ன வயதில் ஜோர்டனைப் பார்த்து 23 போட்டவர், 2010இல் மயாமி போனபோது ஜோர்டனுக்கு மரியாதை என்று அதை விட்டு 6க்கு வந்தவர், அப்புறம் மாறி மாறி இரண்டையும் போட்டவர். 2023இல் ரஸ்ஸலுக்கு மரியாதையாக 6ஐ விட்டுவிட்டு மறுபடி 23க்குப் போனார். அண்ணனிடமிருந்து உடனே மெசேஜ்: "கடைசியில எங்க வந்து நின்னாரு பாத்தியா?"

பதில் அனுப்பவில்லை. பதிலுக்கு அறுபதுகளில் எடுத்த ஒரு செல்டிக்ஸ் ஆட்டத்தின் கறுப்பு வெள்ளை வீடியோவை அனுப்பினேன். முழுசாகக்கூட இல்லை, நடுநடுவே துண்டு துண்டாக வெட்டியிருக்கும், பந்து எங்கே போகிறது என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். பார்க்க மாட்டார் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

இரவு பத்தரைக்கு, கடை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகாக இருக்கும், ஒரு போட்டோ வந்தது. கடையின் பில் புத்தகம், கடைசிப் பக்கத்தின் பின்புறம். பால்பாயிண்ட் பேனாவில் நாலு கோடு, குறுக்கே ஒன்று, பக்கத்தில் தனியாக இரண்டு. ஏழாவது கோட்டுக்கு மேலே மட்டும் ஒரு கேள்விக்குறி.

கீழே எழுதியிருந்தார்: "அந்தக் கடைசியில கை பட்டுச்சா படலையாடா?"